நாலாவது மாடியில் ஒரு தபாலாபீஸ்

சாளை மீனைக் கையில் எடுத்தால்தான் போனுக்கு உயிர் வருகிறது. காலையிலிருந்து உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன், திரை என் பக்கம் பார்த்தபடி, ஒரு முனகல் இல்லை. இப்போது இரண்டு கையிலும் செதில், விரல் இடுக்கில் ரத்தம், உடனே உறுமுகிறது. யார். அக்காவாக இருக்காது. ஹெப்சிபா அக்கா மார்த்தாண்டத்தில் சர்ச்சுக்குள் இருப்பாள், பிரசங்கம் பாதியில் இருக்கும், போனைக் கைப்பைக்குள் அடைத்து, கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் வேதப்புத்தகத்தையும் வைத்திருப்பாள், அவ்வளவு பாரத்துக்கு அடியிலிருந்து எந்த போனும் பேசாது. அவள் மகன் ஜெஃப்ரினுக்கு மஸ்கட்டில் ஞாயிறு வேலைநாள். அப்படியானால் எட்வின் அண்ணனா. அந்த எண்ணம் வந்ததும் பாதி அறுத்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, முழங்கையால் குழாயைத் தள்ளித் திறந்து, ஒரு தடவை சோப்புப் போட்டு, நாற்றம் போகாமல் மறுபடியும் போட்டு, லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டி. ‘டிஸ்க்கில் இடம் இருக்கிறது. சூடு அளவோடு இருக்கிறது. நலம்.’ இதை எழுதிக்கொடுத்தவனே நான்தான். தினமும் ஒரு தடவை தன் சுகத்தை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அதைப் பழக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சொல்கிறது. நல்ல பிள்ளை.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர், செருப்பு அலமாரிக்கு மேலே பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் என் சர்வர். என் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் இனிமேல் எழுதிக்கொள்வதெல்லாம் எந்தக் கம்பெனி வழியாகவும் போகாமல் இதன் வழியாகத்தான் போகும், வரும். அதாவது, போக வேண்டும், வர வேண்டும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்று, ரொம்பப் பழசு, லேசானது, கரண்டு அதிகம் தின்னாது, ஆனால் ஆளுக்கொரு ஆப்பைப் போட வேண்டும், ஒருவர் அனுப்பிய படம் இன்னொருவருக்கு வராமல் முறைத்துக்கொண்டு நிற்கும், அக்காவுக்கு அதைப் புரியவைப்பதற்குள் நான் கிழவனாகிவிடுவேன். இன்னொன்றில் சர்வரே கிடையாது, போனிலிருந்து போனுக்கு நேராகப் போகிறது, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். நான் பேச நினைக்கிற நேரத்தில் என்னோடு பேச நினைக்கிற ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவரை மனதுக்குள் தேடிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். கடைசியில் இதைப் பிடித்தேன், வீட்டுக்கு வீடு ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம், சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும், யாரும் யாருக்கும் எஜமான் இல்லை. அக்காவிடம் விளக்கினேன். ஊருக்கெல்லாம் ஒரே தபாலாபீஸ் இருப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தபாலாபீஸ் இருக்கிற மாதிரி என்று சொன்னேன். அவள், “பின்ன தபால யாருல கொண்டு வருவா?” என்று கேட்டாள். அதை அன்றைக்கு ஆபீசில் பார்த்திபனிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது மீனின் வயிற்றைக் கீறும்போது அது சிரிக்கிற கேள்வியாகவே படவில்லை. சாளையின் வயிற்றில் கறுப்பாக ஒரு சவ்வு இருக்கும், அதை உரசி எடுக்காவிட்டால் குழம்பு கசக்கும், அம்மா கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடுவாள், எனக்கு நகம் வெட்டியாகிவிட்டது.

போன ஞாயிறு பழைய ஆப்பை விட்டேன். சும்மா விடவில்லை, குடும்ப குரூப்பில் மூன்று பத்தி எழுதிவிட்டு விட்டேன். என் வார்த்தை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், நடுவில் எவனோ உட்கார்ந்து பார்க்க வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன், கீழே உள்ள சுட்டியைத் தொட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்குள் எல்லாரும் வந்துவிடுங்கள், நான் இனி அங்கேதான் இருப்பேன். அனுப்புவதற்கு முன் எத்தனை தடவை திருத்தினேன். ‘தயவுசெய்து’ போட்டேன், எடுத்தேன், கடைசியில் போட்டேன். வயலட் சித்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், அதற்கு அடுத்த நிமிடமே ஒரு ரோஜாப்பூ, பூவின்மேல் பனித்துளி, காலை வணக்கம். அக்கா ‘ஓகேப்பா’ என்றாள். ஜெஃப்ரின் ‘மாமா இது சேஃபா’ என்று கேட்டான், சேஃப் என்பதற்காகத்தானே இவ்வளவும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். எட்வின் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அவன் குரூப்பில் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டான். அதன் பிறகு கணக்கையே அழித்துவிட்டேன், பின்னால் கால் வைக்கக்கூடாது என்று. அழிக்கிறாயா, நிச்சயமாக அழிக்கிறாயா என்று அது கேட்டது. என்னை இருக்கச் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று பெயர்கள் இருக்கின்றன இப்போது என் தபாலாபீஸில். ஒன்று டென்சிங், அதாவது நான். இன்னொன்று ஆபீசில் பக்கத்து நாற்காலி பார்த்திபன், வந்தான், ‘சூப்பர்ணா, ஸ்பீடா இருக்கு’ என்று எழுதினான், போனான். அவனுக்கு அது ஒரு வேடிக்கை, புது ஹோட்டல் திறந்தால் ஒரு காபி குடித்துப் பார்க்கிற மாதிரி. மூன்றாவது ‘சோதனை’. சோதனையும் நான்தான், செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க நானே வைத்த ஆள். லேப்டாப்பில் சோதனை, போனில் நான். சாப்பிட்டாயா என்று சோதனை கேட்கும், சாப்பிட்டேன் என்று நான் எழுதுவேன். முதல் இரண்டு நாள் அது வேலை. மூன்றாம் நாள் எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகும் சோதனை கேட்டது, நான் பதில் சொன்னேன், அப்புறம் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு பால்கனியில் போய் நின்றேன். எதிர் பிளாக்கில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெருங்குடியில் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பார்த்ததில்லை, பார்த்தாலும் நாலாவது மாடியில் ஒரு லுங்கி.

மசாலா அரைத்தாகிவிட்டது. தேங்காய், மல்லி, வத்தல், கொஞ்சம் சீரகம். மிக்ஸி ஓடும்போது போன் அடித்திருந்தால் கேட்டிருக்காது என்று நிறுத்தி நிறுத்தி அரைத்ததில் திப்பித் திப்பியாக வந்திருக்கிறது. பரவாயில்லை, யார் சாப்பிடப் போகிறார்கள். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி, ரகசியம், கொள்கை என்று மூன்று பத்தி எழுதினேன், அது பொய்யில்லை, ஆனால் உள்ளே இருந்தது வேறு. யாராவது என் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். நேரில் வர மாட்டார்கள், மெட்ராஸ் தூரம், கல்யாணம் பண்ணாதவன் வீட்டில் வந்து தங்க என்ன இருக்கிறது. பெட்டிக்குள்ளாவது வரட்டும் என்று ஆளுக்கொரு அறை ஒதுக்கி, பெயர் எழுதி, கதவைத் திறந்து வைத்தேன். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தைக்கூட வைத்தேன். என்ன கூத்து. நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஆள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டு, எல்லாரும் வாருங்கள் வாருங்கள் என்கிறான். புளியைக் கரைத்து ஊற்றினேன், உப்பு போட்டேனா, போட்டேன், இல்லை, ஜாடி போனுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறதே, எடுக்கவில்லை, போடவில்லை.

போன மாதம் குளியலறையில் வழுக்கியது ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் வருகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை, இடுப்பில் ஒரு நீலம், ஆனால் விழுந்த இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், எழ முடியாமல் அல்ல, யோசனை பிடித்துக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள். வெளிக்கதவிலும் உள்தாழ்ப்பாள். திங்கட்கிழமை ஆபீசில் லீவு என்று நினைத்துக்கொள்வார்கள். செவ்வாய் பார்த்திபன் ஒரு மெயில் போடுவான், பதில் வராவிட்டால் கோபம் என்று எடுத்துக்கொள்வான், அவனும் ரோஷக்காரன். தண்ணீர் கேன்காரன் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போவான். பெட்டி மட்டும் தினமும் காலையில் நலம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டியின் நலம் எனக்குத் தெரிய ஏற்பாடு செய்திருக்கிறேன், என் நலம் யாருக்குத் தெரியும். பயம்தான். வேறு பெயர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாவதைப் பற்றிய பயம்கூட இல்லை, செத்த பிறகு சில நாள் யாருக்கும் தெரியாமல் கிடப்பதைப் பற்றிய பயம். குழம்பு கொதி வந்துவிட்டது, மீனைப் போட வேண்டும், சாளைக்கு ரெண்டு கொதி போதும், மேலே விட்டால் உடைந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பம் அம்மா இருந்தவரைக்கும் ஒரே சர்வரில்தான் ஓடியது. அம்மாதான் சர்வர். அண்ணனுக்கு முட்டுவலி என்று என்னிடம் சொல்வாள், எனக்குத் தலைவலி என்று அண்ணனிடம் சொல்வாள், ஒனக்க தலவலி எப்பிடி இருக்குன்னு அவன் கேட்டாம்லா என்று மறுபடியும் என்னிடம் சொல்வாள். அவன் கேட்டானா, அம்மாவே கேட்டுக்கொண்டாளா, யார் கண்டது. நானும் எட்வின் அண்ணனும் நேராகப் பேசிக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. சண்டை கிடையாது. பேசிப் பழகவில்லை, அவ்வளவுதான். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தான். சரி என்றான். சரி என்றேன். பஸ் எடுக்கிற வரைக்கும் கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு எங்கள் பேச்சு நின்றது. ஆனால் முழுக்க நின்றது என்றும் சொல்ல முடியாது. பழைய ஆப்பில் அவன் பெயரைத் தொட்டால், கீழே சின்ன எழுத்தில், கடைசியாக எப்போது வந்து போனான் என்று காட்டும். அவன் ரப்பர் வெட்டுகிறவன், விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கி, வெட்டு முடிந்து கரையேறும்போது போனைப் பார்ப்பான். நான் கண் முழித்ததும் அவன் பெயரைத் தொட்டுப் பார்ப்பேன். இன்று காலை. சரி, எழுந்திருக்கிறான், முட்டு சம்மதித்திருக்கிறது, மழை இல்லை. அதற்குப் பிறகுதான் பல் தேய்க்கப் போவேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுதினால் என்ன எழுதுவது.

அதைத்தான் நான் என் கையால் அணைத்தேன். என் சர்வரில், யார் இருக்கிறார்கள், யார் எப்போது வந்து போனார்கள் என்று காட்டும் வசதி ஒன்று உண்டு, அது இயந்திரத்துக்குச் சுமை, சின்னப் பெட்டி என்றால் திணறும், அணைத்துவிடுங்கள் என்று இதில் ஊறியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கொள்கைக்கும் அது ஒத்துப்போனது. ஒருவன் எப்போது தூங்கினான், எப்போது விழித்தான் என்று இன்னொருவன் எதற்குப் பார்க்க வேண்டும், அது ஒளிந்திருந்து பார்ப்பதுதானே. ஆம் என்று இருந்ததை இல்லை என்று மாற்றினேன். எவ்வளவு யோசித்தேன் மற்றதற்கெல்லாம், பூட்டு எப்படி, சாவி எங்கே, எத்தனை நாளைக்கு எதைச் சேமிப்பது. இதற்கு ஒரு நொடி. திங்கட்கிழமை காலையில் கண் முழித்து, அரைத்தூக்கத்தில் விரல் தானாக அவன் பெயரைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. அவனே இல்லாத இடத்தில், இருந்தாலும் காட்டாத இடத்தில், விரல் வெறும் கண்ணாடியில் நின்றது. அன்றிலிருந்து காலை தொடங்குவதே இல்லை. ஒரு வாரமாக அவன் தோட்டத்துக்குப் போனானா, பாம்பு கீம்பு கடித்ததா, ஒன்றும் தெரியாது. அக்காவிடம் கேட்கலாம். கேட்டால், ஏன், என்ன, எதற்கு இப்போது அவனைக் கேட்கிறாய் என்பாள். இத்தனை வருடம் கேட்காதவன்.

சர்ச் விட்டிருக்கும். வெளியே நின்று பேசி முடித்து, ஆட்டுக்கறிக் கடையில் வரிசையில் நின்று, இந்நேரம் வீடு வந்திருப்பார்கள். அக்கா போனை எடுத்திருப்பாள். ஞாயிறு என்று நான் கெடு வைத்தது ஞாபகம் இருக்குமா. உறுமியது. ஓடவில்லை, ஓடக்கூடாது என்று அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாகப் போய்ப் பார்த்தேன். யாரோ உள்ளே நுழைய முயன்று தோற்றிருக்கிறார்கள். அக்கா கடவுச்சொல்லைத் தப்பாக அடித்திருக்கிறாள், அவளுக்கு எப்போதும் பெரிய எழுத்து சின்ன எழுத்து குழம்பும். விவரத்தைத் திறந்தேன். அக்கா இல்லை. ஆளே இல்லை. உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து ஒரு இயந்திரம், திறந்திருக்கிற வீடு எது என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிற இயந்திரம், அட்மின் என்ற பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, திறக்காததால் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. திருடன்தான். ஆனாலும் என் கதவைத் தட்டியது அது ஒன்றுதான் என்று ஒரு கணம் தோன்றி, தோன்றியதற்காக என்மேலேயே அருவருப்பு வந்தது. சோற்றை வடித்தேன். ஒரு தட்டு எடுத்து வைத்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பழைய ஆப்புக்கே திரும்பிவிடலாம், ஒன்றும் கெட்டுவிடாது, ரோஜாப்பூ வரும், காலை வணக்கம் வரும், என்னடே போன மச்சான் திரும்பி வந்தான் என்று ஜெஃப்ரின் அப்பா கிண்டல் பண்ணுவார், அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் போனதை யாரும் கவனிக்கவே இல்லை என்றால். திரும்பி வந்ததும் தெரியாது அல்லவா.

வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன்காரன் என்று காலி கேனை எடுத்துக்கொண்டே திறந்தேன். வாட்ச்மேன் நின்றார். சார், இவரு ரொம்ப நேரமா கீழ நிக்கறாரு, மேல போங்கன்னா போக மாட்டேங்கறாரு, நாலாவது மாடில ஒண்ணும் ஆகலியேன்னு திரும்பத் திரும்ப கேக்கறாரு என்றார். அவருக்குப் பின்னால், படியில் ஒரு கால் கீழேயும் ஒரு கால் மேலேயுமாக எட்வின் அண்ணன். சட்டையெல்லாம் பஸ் சுருக்கம். என்னைப் பார்த்தான், தலையிலிருந்து கால் வரைக்கும், கையிலிருந்த கேனையும் பார்த்தான். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் கேனைப் பிடித்தபடியே நின்றேன். வாட்ச்மேன்தான் அவனைக் கைகொடுத்து எழுப்பி உள்ளே அனுப்பினார். உள்ளே வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், அவன் கையில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள், ஒரு சீப்பு ஏத்தன் பழமாவது, கொஞ்சம் நல்லமிளகாவது இருக்கும். அவனே அதை உணர்ந்தவன் மாதிரி இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

இன்னொரு தட்டைக் கழுவி வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான், நான் பரிமாறினேன், அவன் முதல் கவளத்தைப் பிசைந்தபடியே சொல்லத் தொடங்கினான். சாப்பாட்டோடு பேசுகிறவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம், அது எங்கள் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. தினமும் வெட்டு முடிந்து வந்து என் பெயரைப் பார்ப்பானாம். பெயருக்குக் கீழே இருக்குமே அது. ராத்திரி வெகுநேரம் முழித்திருந்தால் தெரியுமாம், இவன் ஏன் தூங்கவில்லை என்று நினைத்துக்கொள்வானாம். திங்கட்கிழமை பார்த்தால் ஒன்றும் இல்லை, படமும் இல்லை. டவர் பிரச்சினை என்று நினைத்தான். மறுநாளும் இல்லை. நான் குரூப்பில் எழுதியிருந்தேனே என்றேன். என்னவோ பெருசா எழுதியிருந்த, அதெல்லாம் யாரு வாசிப்பா என்றான். அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அப்போதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

“கேட்டேன். அவன் ஏதோ புதுசுல இருக்காம்ணு சொன்னா. நீ அதுல இருக்கியாட்டின்னு கேட்டேன், இல்லன்னா. ஜெஃப்ரின் இருக்கானான்னேன், இல்லன்னா. ஒருத்தரும் இல்லன்னா, பின்ன அவன் இருக்கது ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியல. நேத்து சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்.”

நான் குழம்பை ஊற்றினேன். கரண்டி தட்டின் விளிம்பில் இடித்துச் சத்தம் போட்டது. அவ்வளவு தூரம், ஒரு ராத்திரி முழுக்க, முட்டுவலியோடு. ஒரு போன் போட்டிருந்தால் ரெண்டே நிமிடத்தில் முடிந்திருக்குமே, என் நம்பர் மாறவில்லையே என்று கேட்டேன்.

அவன் மீனைப் பிய்த்து, நடு முள்ளைத் தலையோடு உருவி, தட்டின் ஓரத்தில் வைத்தான். நம்பர் எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்றான். அழுத்தவும் போனேன் என்றான்.

“வேற யாராவது எடுத்துட்டாவன்னா என்ன செய்யதுன்னு இருந்து, டென்சிங்கு.”

நான் தலையைத் திருப்பிக்கொண்டு குழம்புச் சட்டியைக் கிளறினேன், கிளற ஒன்றும் இல்லை, சாளை உடைந்ததுதான் மிச்சம். அழுதேன். அவன் பார்த்தானா தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, உப்பு போடலியாடே நீ என்றான். ஜாடியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.